சம்பளம் பெங்களூரில், அடுப்பு பாலக்கோட்டில்: புது லாரி டிரைவருக்கு ஊர்க் கணக்கு

மாதம் 33,000 ரூபாய் வரும் பெங்களூர் வேலையைவிட, 27,000 ரூபாய் வரும் ஓசூர் வேலையில் கையில் நிற்பது கூடுதலாக இருக்கலாம். ஹெவி லைசென்ஸ் எடுத்த கையோடு வேலை தேடும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பையன்கள் பலர் முதல் எண்ணைக் கேட்டதும் பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ரூம் அட்வான்ஸுக்கு வாங்கிய கடனோடு திரும்புகிறார்கள். அந்த எண்ணை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எந்த ஊர் வேலையில் எது மறைந்திருக்கிறது, வண்டி ஏறும் முன் முதலாளியிடம் என்னென்ன கேட்டு முடிக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கீழே சம்பளம், பேட்டா (நாள் செலவுக்குத் தரும் படி), ரூம் வாடகை, சாப்பாடு என்று வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட வைத்தவை. அவற்றின் இடத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையை வைத்துப் போட்டுப் பாருங்கள். சட்டத்தில் உள்ள எண்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ் எந்த வண்டி வரை செல்லும்

சம்பளத்தை முதலில் தீர்மானிப்பது வண்டி, ஊர் அதற்கு அடுத்துத்தான். சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸில் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டி வரை ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. சின்ன யானை, பிக்கப், சிறிய 4 சக்கர லோடு வண்டிகள் இதற்குள் வரும். பத்து சக்கரம், டாரஸ் என்னும் பல சக்கரப் பெரிய லாரி, டிரெய்லர் என்று மேலே போக ஹெவி லைசென்ஸ் வேண்டும். அதற்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5-ம் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் வீண் அலைச்சல். 8ஆம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2019இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதை இன்னும் சொல்லிப் பணம் பிடுங்கும் புரோக்கர் இருந்தால் நம்ப வேண்டாம்.

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். கேஸ், பெட்ரோல், ஆசிட் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்ற வேண்டுமானால் 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பதிவு இருந்தால் நாமக்கல் பக்கத்து டேங்கர் வண்டிகளில் ஏறலாம். அதிகம் செலவழிக்காமல் சம்பளத்தை ஒரு படி ஏற்றிக்கொள்ள நமக்குத் தெரிந்த நேரான வழி இதுதான்.

சம்பளம் பேசும் நான்கு முறைகள்

"எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டால் வரும் பதிலில் நான்கு முறைகளில் ஒன்று இருக்கும். பல சமயம் இரண்டு கலந்திருக்கும்.

முதலாவது மாதச் சம்பளமும் பேட்டாவும். தொழிற்சாலை வண்டி, கண்டெய்னர் கம்பெனி, பார்சல் கம்பெனி எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். பேட்டா எந்த நாளுக்கு என்பதில்தான் சிக்கல். வண்டி ஓடும் நாளுக்கு மட்டும் பேட்டா தரும் இடத்தில், மும்பையில் இறக்க முடியாமல் மூன்று நாள் நின்றால் அந்த மூன்று நாள் சாப்பாடு உங்கள் பையிலிருந்து போகும்.

இரண்டாவது டிரிப் சம்பளம். போக வர இவ்வளவு என்று ஒரே தொகை. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளிலிருந்து சாயங்காலம் தக்காளி ஏற்றி விடியும் முன் கோயம்பேட்டில் இறக்கும் வண்டிகளில் இதுவே வழக்கம். வேகமாக முடித்தால் லாபம், நின்றால் நஷ்டம். தக்காளி வண்டியில் நேரம் தவறினால் விலை இறங்கிவிட்டது என்று வியாபாரி கத்துவார். அந்தக் கத்தலில் உங்கள் கூலியிலும் கைவைப்பாரா என்பதை லோடு ஏற்றும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வாடகையில் சதவீதம். சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லைன் வண்டிகளில் (தொலைதூரம் ஓடும் லாரிகளில்) இது பழைய முறை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எந்த வாடகையில் சதவீதம்? லாரி ஆபீஸ் கமிஷன் கழிக்கும் முன்னா, கழித்த பிறகா? 50,000 ரூபாய் வாடகையில் 10 சதவீதம் என்றால் 5,000. கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று 6,000 கழித்துவிட்டு அதே சதவீதம் போட்டால் 4,400. மாதம் ஐந்து லோடு என்றால் 3,000 ரூபாய் காணாமல் போயிருக்கும். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் எம்டியாக (காலி வண்டியாக) வந்தால் அந்தப் பாதி வழிக்கு என்ன என்பதும் இதில் முக்கியம்.

நான்காவது கிலோமீட்டர் கணக்கு. ஓசூரில் சேசிஸ் (பாடி கட்டாத புது வண்டி) ஓட்டிக்கொண்டு போய் டீலரிடம் விடும் டிரைவர்களுக்கு இப்படிக் கொடுப்பார்கள். அந்த வேலையில் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வரும் ரயில், பஸ் செலவு பெரும்பாலும் டிரைவர் தலையில் விழும். ஆக ஒரு வழிக்கு வாங்கும் கிலோமீட்டர் காசில் திரும்பும் டிக்கெட்டையும், திரும்பும் நாட்களின் சாப்பாட்டையும் கழித்துவிட்டுத்தான் அந்த வேலையை மற்றதோடு ஒப்பிட வேண்டும்.

ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது

கிருஷ்ணகிரி நல்ல சந்தி. வடக்கே பெங்களூர், தெற்கே சேலம் என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சென்னையிலிருந்து வந்து ஓசூர், மும்பை வழியாக டெல்லி வரை போகும் 48ஆம் எண் சாலை. திருவண்ணாமலை, திண்டிவனம் பக்கம் 77. குப்பம் பக்கம் 42. பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர், ஓசூர் 50, சென்னை 260 அளவில். நம் ஊரில் வீட்டை வைத்துக்கொண்டே நான்கு சந்தைகளின் சம்பளத்தில் எதை வேண்டுமானாலும் எடுக்க முடிகிறது. திருநெல்வேலிக்காரருக்கு இந்த வசதி இல்லை.

பெங்களூர் லோக்கல் வண்டியில் சம்பளம் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பகலில் பல சாலைகளில் கனரக வண்டிக்குத் தடை இருப்பதால் வேலை ராத்திரிக்குத் தள்ளப்படுகிறது. பகல் முழுக்க ஊருக்கு வெளியே வண்டியிலேயே காத்திருக்க வேண்டும். 30 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும் ஊரில் டிரிப் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு இரண்டும் டிரைவருக்குக் கட்டுப்படியாகாது. மாதச் சம்பளம் என்றால் மட்டும் பேசுங்கள். இது எங்கள் உறுதியான கருத்து.

சென்னையில் இரண்டு உலகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனி, உதிரிபாகக் கம்பெனி வண்டிகளுக்கு நேரம் கட்டுப்பாடாக இருக்கும், சம்பளமும் தேதிக்கு வரும். எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகம் பக்கத்துக் கண்டெய்னர் டிரெய்லரில் வரிசையில் நிற்கும் நேரம்தான் வேலையில் பாதி. டிரிப் காசு பெரிதாகத் தெரியும். மாதத்தில் எத்தனை டிரிப் முடிகிறது என்று ஏற்கெனவே அந்த வரிசையில் நிற்கும் இரண்டு டிரைவர்களிடம் கேளுங்கள். முதலாளியிடம் கேட்டால் நல்ல மாதத்தின் எண்ணிக்கைதான் வரும்.

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் கிரானைட் பிளாக் ஏற்றும் டிரெய்லருக்குக் கூலி தனி. காரணம் ஆபத்து. சங்கிலி தளர்ந்து கல் ஒரு சாண் நகர்ந்தாலும் வளைவில் வண்டி சாயும். ஓரிரு வருடம் மல்ட்டி ஆக்சில் (பல அச்சு) வண்டி ஓட்டாமல் அதில் ஏறாதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும். மே முதல் ஜூலை வரை மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் லோடு குவியும் காலத்தில் ஆக்டிங் டிரைவருக்கும் (மாற்று டிரைவர்) நல்ல கிராக்கி. நிரந்தர வேலை கிடைக்கும்வரை கை பழக அந்த மூன்று மாதம் நல்லது.

சேலம், நாமக்கல், சங்ககிரி பக்கம் வண்டியும் அதிகம், டிரைவரும் அதிகம். அங்கே மாதச் சம்பளம் குறைவாகத் தோன்றும், லைன் ஓட்டமாக ஓட்டினால்தான் காசு. வடக்கே நாக்பூர், டெல்லி என்று ஓடும் வண்டியில் இந்தி பேசத் தெரிந்தவருக்கு பேட்டா கூடுதலாகப் பேச முடியும். கன்னடமும் தெலுங்கும் ஓசூர், வேப்பனப்பள்ளிக்காரர்களுக்குத் தெருவிலேயே வந்துவிடுகிறது. இதை யாரும் சம்பளம் பேசும்போது சொல்லிக் கேட்பதில்லை. சொல்லிக் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து சேரும் தொகை

இனி கணக்கு. ஒரு நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். மேலே சம்பளமும் பேட்டாவும். கீழே, வீட்டில் இருந்திருந்தால் செலவாகியிருக்காத காசு மட்டும். வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் எந்த வேலைக்குப் போனாலும் இருக்கும், அவற்றை எழுத வேண்டாம். செல்போன் ரீசார்ஜ் அப்படித்தான்.

பெங்களூர் லோக்கல் வேலை: சம்பளம் 28,000, நாளுக்கு 200 பேட்டா, 26 நாள். மொத்தம் 33,200. செலவு: மூன்று பேர் தங்கும் ரூமில் நம் பங்கு 4,500. கரண்ட், தண்ணீர் 500. மெஸ் சாப்பாடு நாளுக்கு 250 வீதம் 26 நாளுக்கு 6,500. வாரம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக 1,200. டீ, சில்லறை 1,500. கூட்டினால் 14,200. வீட்டுக்கு வருவது 19,000.

ஓசூர் தொழிற்சாலை வண்டி, கிருஷ்ணகிரி வீட்டிலிருந்து தினமும் போய்வருவது: சம்பளம் 23,000, பேட்டா 150 வீதம் 3,900. மொத்தம் 26,900. பஸ்ஸுக்கு நாளுக்கு 100 வீதம் 2,600. வெளியில் ஒரு வேளைச் சாப்பாடும் டீயும் 120 வீதம் 3,120. கழித்தால் 21,180.

கிருஷ்ணகிரியில் நிற்கும் லைன் வண்டி: சம்பளம் 16,000, ஓடும் நாளுக்கு 500 பேட்டா, 24 நாள். மொத்தம் 28,000. ஓட்டல் சாப்பாடு நாளுக்கு 300 வீதம் 7,200. குளியல், கழிப்பறை, டீ என்று 80 வீதம் 1,920. மிச்சம் 18,880. அதே ஆள் கேபினில் அரிசி, பருப்பு, ஸ்டவ் வைத்துக் கிளீனரோடு சேர்ந்து சமைத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். அப்போது மிச்சம் 22,480. மூன்றிலும் இதுதான் அதிகம். ஓட்டலா அடுப்பா என்ற ஒரே வேறுபாடு கடைசி இடத்து வேலையை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஸ்டவ்வை வண்டி நிறுத்திய பிறகு வெளியே வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். மூடிய கேபினில் ராத்திரி அடுப்பு எரிப்பதும், அடுப்பு அணையும் முன் தூங்குவதும் உயிருக்கே ஆபத்து.

அடுத்து இதே தொகையை வேலை நேரத்தால் வகுங்கள். பெங்களூரில் 12 மணி நேரம் வீதம் 26 நாள் 312 மணி. மணிக்கு சுமார் 61 ரூபாய். ஓசூரில் வேலை 10, பஸ் 3 என்று 13 மணி. 338 மணிக்கு வகுத்தால் 63 அளவில். லைன் வண்டியில் ஓட்டம், லோடிங், காத்திருப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 14 மணி என்று வைத்தால் 336 மணி. ஓட்டலில் சாப்பிட்டால் 56, சமைத்தால் 67. மேலே பெங்களூருக்கும் ஓசூருக்கும் 6,000 ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்தது மணிக்கணக்கில் இரண்டு ரூபாயாகச் சுருங்கி, அதுவும் தலைகீழாக நிற்கிறது. பஸ்ஸில் போகும் நேரத்தையும் வேலை நேரத்தில் சேர்க்க மறக்காதீர்கள். அதைச் சேர்க்காமல் ஓசூர் வேலையைச் சொர்க்கம் என்று நினைப்பவர்கள் இரண்டாம் மாதம் வண்டியில் தூங்கி விழுகிறார்கள்.

குடும்பத்தையும் பெங்களூருக்கு அழைத்துப் போவதாக இருந்தால் கணக்கு வேறு. வீட்டு அட்வான்ஸுக்கு 60,000 ரூபாய் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200 வட்டிக்கே போகும். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் தமிழ்நாட்டின் நூறு யூனிட் இலவச மின்சாரம் கையை விட்டுப் போகும். வீட்டுப் பெண்ணுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையோடு கட்டப்பட்டது. இவை சின்னத் தொகைகளாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால், பெங்களூர் சம்பளம் கூடுதலாகத் தருவதில் பாதியைத் தின்றுவிடும். மனைவிக்கும் அங்கே வேலை உறுதி என்றால் மட்டும் குடும்பத்தோடு போவதைப் பற்றி யோசிக்கலாம். குடும்பம் ஓசூருக்கு வருவதென்றால் வாடகை கிருஷ்ணகிரியைவிட அதிகம், ஆனால் மேலே சொன்ன சலுகை எதுவும் போகாது.

மைலேஜும் தொப்பூரும்

பிடித்தங்களில் புது டிரைவரை அதிகம் கடிப்பது டீசல் கணக்கு. முதலாளி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று நிர்ணயித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 கிலோமீட்டர் டிரிப்புக்கு 200 லிட்டர். நீங்கள் 206 செலவழித்தால் 6 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் வீதம் 552 பிடிப்பார். இரண்டு நாள் சாப்பாடு.

பேசும்போது மூன்று கேளுங்கள். அந்த 4 என்பது லோடோடா, எம்டியா? எந்த வழியில்? எப்படி அளந்தது? கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஓசூர் 900 மீட்டர் அளவில். சென்னையிலிருந்து லோடு ஏற்றி ஓசூருக்கு வருவது முழுக்க ஏற்றம். அதே வண்டி அதே லோடோடு சென்னைக்கு இறங்கும்போது நல்ல மைலேஜ் கொடுக்கும். ஒரு வழியை மட்டும் அளந்து சொன்ன மைலேஜை ஒப்புக்கொள்ளக் கூடாது. டேங்க் கழுத்து வரை நிரப்பி, போக வர ஓட்டி, அதே பங்கில் மறுபடி கழுத்து வரை நிரப்பி அளந்ததே கணக்கு. முதல் டிரிப்பிலேயே முதலாளி ஆளோடு சேர்ந்து இதைச் செய்துவிடுங்கள். பழைய வண்டி, ஊதும் நாசில், காற்று குறைந்த டயர் எல்லாம் உங்கள் சம்பளத்தில் வந்து நிற்கும். புறப்படும் முன் டயர்க் காற்றைப் பார்ப்பதும் சம்பள வேலைதான்.

இந்த மைலேஜ் பயத்தில்தான் தொப்பூரில் நியூட்ரல் போடுகிறார்கள். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தக் கணவாய்ச் சரிவில், இரட்டைப் பாலத்தை ஒட்டி எத்தனை வண்டிகள் கட்டுப்பாடிழந்து முன்னால் போனவற்றை இடித்திருக்கின்றன என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நியூட்ரலில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். பிரேக் டிரம் சூடாகி லைனிங் பிடிமானம் இழக்கும். சாவியையும் அணைத்தால் கம்பிரசர் நின்று காற்று ஏறாது. நாலைந்து முறை மிதித்ததும் பிரேக் காற்று தீரும், பவர் ஸ்டியரிங் கல்லாகும். இத்தனைக்கும் மிச்சம் ஒன்றும் இல்லை. இப்போதைய என்ஜின்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். ஏறும்போது எந்த கியரோ அதே கியர் அல்லது ஒன்று குறைவாக, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து இறங்குங்கள்.

வண்டி ஏறும் முன் பேசி முடிக்க வேண்டியவை

பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். "அண்ணா, நேத்து பேசினது இதுதானே, சரி பார்த்துச் சொல்லுங்க" என்று நீங்களே எழுதி அனுப்பி, அவர் "சரி" என்று போட்டாலே போதும். முகத்துக்கு நேரே பேப்பர் கேட்டால் கோபப்படும் முதலாளிகூட இதற்குப் பதில் போட்டுவிடுவார்.

சம்பளத் தேதி எது, பேங்க் அக்கவுண்டிலா, கையிலா? பேட்டா நிற்கும் நாளுக்கும் உண்டா? பார்ட்டி ஹால்டிங் காசு (வண்டி காத்து நின்றதற்கான தொகை) கொடுத்தால் அதில் டிரைவருக்குப் பங்கு என்ன? கிளீனர் உண்டா, இல்லை என்றால் தார்ப்பாய் போட, கயிறு கட்டக் கூலி யார் தருவது? சரக்கு ஷார்ட்டேஜ் வந்தால்? டயர் வெடித்தால்? லோடு ஏற்றும்போது நீங்கள் எண்ணிப் பார்க்க விடாத, சீல் வைத்த கண்டெய்னரில் குறைந்தால் அதற்கு டிரைவர் பொறுப்பில்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அபராதத்தைத் தனியாகப் பேச வேண்டும். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. சட்டம் ஓட்டியவரையும் சேர்த்துத்தான் பிடிக்கும். லோடு ஏற்றியதும் எடை மேடையில் ஏற்றிச் சீட்டை போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு, அளவு மீறியிருந்தால் எடுக்க முடியாது என்று அங்கேயே சொல்லுங்கள். சிக்னல், சீட் பெல்ட், வேகம் போன்றவை டிரைவர் கணக்கு. பேப்பர், பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), ஓவர்லோடு முதலாளி கணக்கு. இப்படிப் பிரிப்பதுதான் நியாயம், பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள்.

ஃபாஸ்டேக்கில் பணம் தீர்ந்து நின்றால், ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் 1.25 மடங்கு. 2025 நவம்பர் 15 முதல் இந்த முறை. இந்தக் கூடுதல் முதலாளி கணக்கில்தான் என்று பேசிக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போனை எடுக்க மாட்டார், அதனால் புறப்படும் முன்பே பேலன்ஸ் பார்க்கும் பழக்கம் வேண்டும். சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லும் அப்படித்தான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலம் உண்டு. வழியில் வண்டி பழுதாகி நாள் தாண்டும்போலத் தெரிந்தால், முடியும் நேரத்துக்கு முன்னோ பின்னோ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கச் சொல்லி ஆபீஸுக்குப் போன் போட வேண்டும். விட்டுவிட்டால் வண்டி பிடிபட்டு நிற்கும் நாட்களுக்கு பேட்டா கேட்டுச் சண்டை போட வேண்டியிருக்கும்.

இரண்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒரிஜினல் லைசென்ஸை முதலாளியிடம் கொடுத்து வைக்காதீர்கள். நகல் போதும். அடுத்து, பெரிய அட்வான்ஸ். 50,000 ரூபாய் கையில் கொடுத்து "மெதுவாகக் கழிச்சுக்கலாம்" என்பார்கள். கழியும்வரை நீங்கள் வேறு ஊர் சம்பளம் எதையும் பேச முடியாது. வாங்கியே தீர வேண்டும் என்றால் மாதம் எவ்வளவு கழியும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

சட்டம் தரும் அடித்தளம்

குறைந்தபட்ச ஊதியம் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் அதன் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து மாறுகிறது. கர்நாடகத்தில் ஊரின் அளவைப் பொறுத்து மண்டலவாரியாக வேறுபடும், பெங்களூர் மேல் மண்டலம். வேலை அங்கே, கம்பெனியும் அங்கே என்றால் கர்நாடக அறிவிக்கைதான் உங்களுக்கு. தமிழ்நாட்டு அளவைக் காட்டிச் சம்பளம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்து நடப்பு அளவைத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேலை நேரத்துக்கு, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்த அளவு நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதியோடு 10 மணி, 54 மணி. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. சாலையில் இதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். விபத்து நடந்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருக்கிறதா என்று கேளுங்கள். பி.எஃப்.பில் உங்கள் பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.யில் 0.75 சதவீதம், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. பிடித்தம் என்று முகம் சுளிக்க வேண்டாம். முதலாளியும் பி.எஃப்.புக்கு 12, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் போடுகிறார். இங்கே ஒரு தந்திரம் நடக்கும்: சம்பளத்தைக் குறைத்துக் காட்டி பேட்டாவைக் கூட்டிக் கொடுப்பார்கள். மாதக் கடைசியில் கைக்கு வருவது ஒன்றுதான், ஆனால் பி.எஃப். சின்னச் சம்பளத்தில்தான் ஏறும். பேங்க் கடன் கேட்கும்போதும், விபத்து நஷ்டஈடு பேசும்போதும் பதிவில் உள்ள சம்பளம்தான் பேசும். ஒரே தொகையை இரண்டு விதமாகச் சொன்னால் அடிப்படைச் சம்பளம் கூடுதலாக உள்ளதை எடுங்கள்.

இவை எதுவும் இல்லாத ஒற்றை லாரி முதலாளியிடம் சேர்ந்தால், அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம். பேங்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் வரை உண்டு. அக்கவுண்டில் அந்த 20 ரூபாய் இல்லாமல் காப்பீடு விட்டுப்போவது சர்வ சாதாரணம். மே மாதக் கடைசியில் பேலன்ஸ் வைத்திருங்கள்.

முதல் மூன்று மாதம்

சேர்ந்த நாளிலிருந்து நோட்டு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். தேதி, கிளம்பிய கிலோமீட்டர், சேர்ந்த கிலோமீட்டர், டீசல் லிட்டர், வாங்கிய டிரிப் அட்வான்ஸ், செலவு, நின்ற மணி நேரம். டீசல் பில், டோல் மெசேஜ், எடைச் சீட்டு, இறக்கிய ரசீது நான்கையும் அன்றே போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்புங்கள். வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தால் பங்கு பில்லின் எழுத்து வாரத்துக்குள் மறைந்துவிடும். டிரிப் கணக்கை வண்டி வந்து நின்ற அன்றே முடிக்க வேண்டும். "அடுத்த டிரிப்போட சேர்த்துப் பார்க்கலாம்" என்பதை ஒருமுறை ஒப்புக்கொண்டால் மாதக் கடைசியில் நான்கு டிரிப் குழம்பி நிற்கும். குழம்பிய கணக்கில் டிரைவர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று மாதம் முடிந்ததும் பழைய பக்கத்தை எடுத்து, சேரும் முன் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் உண்மை எண்ணை எழுதுங்கள். நின்ற நாட்களும் வெளிச் சாப்பாடும்தான் பெரும்பாலும் நினைத்ததைத் தாண்டியிருக்கும். மணிக்கணக்கில் ஐந்தாறு ரூபாய் வித்தியாசத்துக்காக வேலை மாற வேண்டாம். பழகிய வண்டி, தேதிக்கு வரும் சம்பளம் இரண்டுக்கும் அதைவிட மதிப்பு உண்டு. பத்துக்கு மேல் குறைந்தால் நோட்டோடு போய்ப் பேசுங்கள். பேச நல்ல காலம் பிப்ரவரிக் கடைசி. மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்கத் தொழிற்சாலைகள் சரக்கை வெளியே தள்ளும், ஏப்ரலில் பஞ்சப்படி மாறும், மே பிறந்தால் மாங்காய் லோடு. தீபாவளி, பொங்கல் வாரங்களில் தொழிற்சாலை மூடி வண்டிகள் வரிசையாக நிற்கும்போது போய்க் கேட்காதீர்கள்.